அரைப்பேர் வேலை

தம்பி பார்த்த வேலைக்கு எங்கள் தோட்டத்தில் பெயர் எதுவும் இருக்கவில்லை. நான்தான் ஒரு பெயர் வைத்தேன். அது வினையாகிப் போனது.

நாங்கள் இருப்பது மலைநாட்டில், உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் கடைசி வீடு. அப்பா அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்ந்தவர். நான் மூத்தவள். வீட்டில் தையல் மெஷின் போட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையும் பெண்களுக்கு நைட்டியும் தைக்கிறேன். எட்டாம் ஆண்டோடு பள்ளியை விட்டவள். வறுமை என்று சொன்னால் கேட்க நன்றாயிருக்கும். ஆனால் காரணம் அதுவல்ல. பரீட்சை என்றால் எனக்குப் பயம். ஒரு பரீட்சைக்கு முதல்நாள் காய்ச்சல் என்று படுத்தேன். காய்ச்சல் விட்டது, நான் பள்ளிக்கூடப் பக்கம் திரும்பவில்லை. அன்று பரீட்சைக்குப் பயந்த மனது, பிறகு பஸ் பிரேக்குக்கும் மழைக்கும் மண்சரிவுக்கும் வாசலில் நாய் ஊளையிடுவதற்கும் பயந்துகொண்டே இத்தனை வயதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

தம்பி எனக்கு நேர்மாறு. பரீட்சை என்றால் அவனுக்குப் பொங்கல். கெம்பஸ் படிப்பு முடித்து, வெளிநாடு போய், மூளைக்குள் நரம்புகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று வருஷக்கணக்காக ஆராய்ந்து, பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளும் அளவுக்கு வந்தான். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. அதை லயத்துக்கு விளங்கப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவன் வந்திறங்கிய கிழமையே தலைவலி, கழுத்துப் பிடிப்பு, கை விறைப்பு என்று ஆட்கள் எங்கள் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வாசலும் வீடும் சேர்கிற அந்தச் சின்ன விறாந்தையில் இரண்டு பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் வடிகானைத் தாண்டி நின்றார்கள்.

"மருந்து எழுதத் தெரியாதுன்னா அப்பறம் என்னாத்தப் படிச்ச?" என்று பக்கத்து வீட்டு மதினி கேட்டாள்.

"மூள எப்பிடி வேல செய்யிதுன்னு படிச்சேன் மதினி."

"ஏன், ஒன் மூள வேல செய்யலியா?"

அவன் சிரித்துக்கொண்டே அவளுடைய கழுத்தைப் பார்த்து, தலையில் விறகு சுமக்காமல் கொஞ்ச நாள் இருக்கச் சொன்னான். அதை நானே சொல்லியிருப்பேன் என்று மதினி எழுந்து போனாள்.

அவன் வந்தது அப்பாவுக்காக. அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. தம்பி இருந்த ஆராய்ச்சி இடத்தில் ஒப்பந்தம் முடியும் நேரமும் அதுவும் ஒன்றாக வந்தன. அடுத்த இடம் கிடைக்கும்வரை வீட்டில் இருக்கிறேன் என்று வந்தான். வந்த கையோடு, வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஒரு வேலையும் பிடித்தான். ஏஐ என்கிறார்களே, கேட்டதற்குப் பதில் சொல்லும் கம்ப்யூட்டர், அதைத் திருத்துகிற வேலை. மூளையைப் பற்றிப் படித்தவர்களாகத் தேடி எடுத்திருந்தார்கள். இவன் சிக்கலான கேள்விகளாகப் பார்த்துப் போடுவான். அது பதில் சொல்லும். எங்கே சரி, எங்கே பிழை, ஏன் பிழை, சரியான பதிலுக்கு எப்படி யோசித்திருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதி அனுப்புவான்.

நான் போனுக்கு ரீலோட் போடச் சந்திக்கடைக்குப் போன ஒரு நாள், கடைக்கார நானா கேட்டார்.

"தம்பிக்கு இப்ப எங்க வேல தங்கச்சி?"

"வீட்ல இருந்துதான் நானா. பகுதி நேர வேலையாம்."

"அப்பிடின்னா?" என்றாள் பின்னால் நின்ற மதினி. அவள் எப்போது வந்தாள் என்று எனக்குத் தெரியாது.

"முழு நாளும் இல்ல மதினி. அரப்பேர் வேல மாதிரி."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்று பெயர். முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர் விழும். கொழுந்து நிறுக்கும்போது எடை போதாவிட்டால் அரைப்பேர்தான். நாள் முழுக்க மலையில் நின்றிருந்தாலும் அரைப்பேர் அரைப்பேர்தான். ஆகவே அரைப்பேர் என்றால் எங்கள் ஆட்களுக்குப் பாதி நேரம் என்று கேட்காது. போதவில்லை என்று கழித்துவிட்டார்கள் என்றுதான் கேட்கும்.

நான் வீடு வந்து சேருமுன் செய்தி மேல்லயத்துக்கு ஏறிவிட்டது. வெளிநாட்டுக்காரன் படித்த பிள்ளைக்கு அரைப்பேர் போட்டு விரட்டிவிட்டானாம். நிறுவை போதவில்லையாம். பைப்படியில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாத ஆயி, அடுத்த மாசம் முழுப்பேரு போட்ருவாங்க" என்று ஆறுதல் சொன்னார்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவனுடைய பெயரைக் கெடுத்துவிட்டேனே என்று விம்மினேன். தம்பியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சரியாத்தானக்கா சொல்லியிருக்க. எனக்கும் நிறுவ இருக்கு. நான் எழுதி அனுப்புறத இன்னொருத்தர் பாத்து, போதாதுன்னா திருப்பி விட்ருவாரு. நேத்துக்கூட ஒண்ணு திரும்பி வந்திச்சு."

"ஒனக்கா? திரும்பி வந்திச்சா?" என்று இன்னும் பதறினேன்.

உள்ளேயிருந்து அப்பா சத்தம் போட்டார்: "அரப்பேரு!"

நாங்கள் இருவரும் அவர் பக்கம் திரும்பினோம். அவர் எங்கள் பேச்சைக் கேட்டுச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று யாருக்குத் தெரியும்? அவருக்கு மிஞ்சியிருந்தது அந்தச் சொல் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் கண்விழித்து முதன்முதலாக வாயைத் திறந்தபோதே அதுதான் வந்தது. நர்ஸ் என்னிடம் சிங்களத்தில், தாத்தா என்ன கேட்கிறார் என்றாள். தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், என்னைக் கூப்பிடவும் அதுதான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்று அத்தனை வருஷம் சொன்ன சொல், மற்றதெல்லாம் அழிந்த பிறகும் நின்றுவிட்டது.

எனக்கு அது சொல்லாகவே கேட்கவில்லை, தீர்ப்பாகக் கேட்டது. கஞ்சி கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் "அரப்பேரு". உடம்பு துடைத்துவிட்டு எழும்பினால் "அரப்பேரு". நான் செய்வது போதவில்லை, நிறுத்துப் பார்த்துச் சொல்கிறார் என்றே நினைத்தேன். கஞ்சி சூடு கூடிவிட்டதோ, துண்டு சொரசொரப்பாக இருந்ததோ என்று ஒவ்வொன்றாக மாற்றுவேன். மாற்றிய பிறகும் அதே தீர்ப்புதான் வரும். தம்பி வந்தபின் மூச்சு விட்டேன் என்றால் அதனால்தான். அவன் இருக்கும்போது அப்பாவோடு பேசுவது அவன் பொறுப்பு. அவன் போய்விட்டால் அந்த ஒற்றைச் சொல்லோடு நான் தனியாக எப்படி இருப்பேன் என்பதுதான் அந்த மாதங்கள் முழுக்க என் நெஞ்சில் கிடந்த பயம். அவன் ஒரு நாள் போகத்தான் போகிறான் என்பது வந்த அன்றே தெரியும்.

ஆனாலும் அந்த மாதங்களைப் போல ஒரு காலம் எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு லயம் அமைதியாகும். இஸ்தோப்பில் தம்பி மடியில் கம்ப்யூட்டரோடு உட்காருவான். கதவுக்கு உள்பக்கம் நான் தையல் மெஷினோடு. நடுவில் அப்பாவின் கட்டில், இரண்டு பேரையும் பார்க்கும்படி. அவன் தட்டுகிற சத்தமும் நான் மிதிக்கிற சத்தமும் கலந்து வரும். கோச்சி ரயிலில் போவதுபோல இருக்கும். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ வைத்துக் கொடுப்பேன். ரொட்டியும் கட்டைச் சம்பலும் இருந்தால் அவனுக்கு மத்தியானச் சோறே வேண்டாம். மூடுபனி ஏறி வந்து அவனுடைய திரையை மறைத்தால், கையால் விரட்டுவான். பனியைக் கையால் விரட்டுகிற ஒரே டாக்டர் என்று மதினி சொல்லுவாள்.

சிக்னல்தான் பெரிய பாடு. பின்பக்கத்துச் சவுக்கு மரத்தில் ஒரு கம்பைக் கட்டி, கம்பின் உச்சியில் மீன்முள் மாதிரி ஒரு அன்டனா வைத்தான். அதிலிருந்து வயர் ஜன்னல் வழியாக வந்து, அப்பாவின் தலைமாட்டுப் பக்கத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியில் சேர்ந்தது. பெட்டியில் மூன்று பச்சை விளக்குகள் எரியும்.

"இதுல மட்டும் கை வைக்காதக்கா. செட்டிங் போச்சுன்னா மறுபடி பிடிக்க ஒரு நாள் போகும். நான் பிந்துனா வேலய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

அது போதாதா எனக்கு? அந்தப் பக்கம் கூட்டுவதைக்கூட விட்டுவிட்டேன். வீட்டில் ஒரு மூலையில் மட்டும் தூசி சேர்ந்து கிடந்தது.

என்னுடைய கவலைகளை அவனிடம் தினமும் ஒன்றாகக் கொட்டுவேன். கண் கெடாதா? கரண்ட் கூடாதா? ஒரு நாள் பெரிய கவலையைக் கேட்டேன்.

"ஒனக்குத் தெரிஞ்சதெல்லாம் அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டா, அப்பறம் ஒன்னய எதுக்குடா தேடுவாங்க?"

தட்டுவதை நிறுத்தினான்.

"அது எனக்கும் தெரியாதுக்கா. அந்த யோசன எனக்கும் வருது. ஆனா எங்கயோ ஒரு வீட்ல, நம்ம மாதிரி ஆளு, ராத்திரியில அப்பாவுக்குக் கை இழுத்துக்கிச்சேன்னு அதுகிட்டத்தான் கேப்பாங்க. கேக்காதீங்கன்னா கேக்காம இருக்கப் போறதில்ல. கேக்கும்போது அது தப்பாச் சொல்லாம இருக்கட்டுமே."

"அப்பவும் ஒன் வேல?"

"நீ விட மாட்ட" என்று மறுபடியும் தட்ட ஆரம்பித்தான்.

கம்பனி கொடுக்கிற கேள்விகளை வெளியில் சொல்லக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருப்பான். ஆனால் அவனே சும்மா போட்டுப் பார்க்கும் கேள்விகளை எனக்கு வாசித்துக் காட்டுவான். அப்படி ஒரு மத்தியானம் அப்பாவிடம் வந்து, "அப்பா, ஒங்களப் பத்தி ஒண்ணு கேக்கட்டா? ஊரு பேரு எதுவும் போட மாட்டேன்" என்றான். அப்பா இடது கையைத் தூக்கி, போ போ என்று அனுமதி கொடுத்தார்.

தமிழிலேயே எழுதினான். தேயிலைத் தோட்டத்தில் கணக்கு வேலை பார்த்த ஒரு வயதானவர், பாரிசவாதத்துக்குப் பிறகு எதைக் கேட்டாலும் 'அரைப்பேர்' என்று மட்டும் சொல்கிறார், என்ன நடந்திருக்கும்? பதில் ஓடி வந்தது. அவன் சத்தமாக வாசித்தான். இந்த நோயாளியால் பெயர்களை முழுதாகச் சொல்ல முடியவில்லை, தன் பெயரில் பாதியையாவது சொல்ல முயற்சி செய்கிறார், குடும்பத்தார் அவருடைய முழுப்பெயரை அன்போடு எடுத்துக் கொடுத்து உதவலாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கும் வந்தது. இடது பக்க உதடு மட்டும் ஏறி, தோள் குலுங்கியது. மதினி எட்டிப் பார்த்து, "எடுத்துக் குடுங்களேன், மாமாவுக்குப் பேரு மறந்திருச்சாம்" என்றாள்.

"எவ்வளவு அழகா எழுதியிருக்கு பாருக்கா. அடியோட தப்பு" என்றான் தம்பி. "நம்ம தோட்டத்துல பேருன்னா என்னான்னு அதுக்கு யாரும் சொல்லல. சொல்லிட்டேன்னு வையி, அப்பறம் அடுத்த தப்பு செய்யும். இவரு கூலிய நெனச்சுக் கவலப்படுறாரு, பழைய அநியாயத்த நெனச்சு வருத்தப்படுறாருன்னு கத கட்டும்."

"அப்ப அது இல்லியா?"

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை அப்போதுதான் அவனுக்குச் சொன்னேன். கஞ்சி, துண்டு, தீர்ப்பு எல்லாவற்றையும். அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்கினாரா என்று தெரியாது.

தம்பி கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் குந்தினான்.

"அக்கா, மழைக்கு ரோடு ஒடஞ்சிருச்சின்னு வையி. பஸ்சு, லொறி, வேன் எல்லாத்தையும் ஒரே ஒத்தயடிப் பாதையிலதான விடுவாங்க? அவருக்கு உள்ள எல்லாம் இருக்கு. வெளிய வர அந்த ஒரு பாததான் மிச்சம். சொல்லுல அர்த்தம் தேடாத. ராகத்தக் கேளு. ராகம் மூளையில இன்னொரு பக்கத்து வேல, அது ஒடயல."

"அப்ப நானும் ஒன் மெஷினும் ஒரே தப்பத்தான் செஞ்சோமா?"

"நீ அதவிட மோசம். அது தப்புச் செஞ்சா அழுவாது."

அன்றிலிருந்து ராகம் கேட்கப் பழகினேன். கேள்வியாகக் கேட்டால் கடைசி எழுத்து ஏறும். தண்ணீருக்கு மெல்ல, நீட்டாக வரும். மதினியைக் கண்டால் வருகிற அரப்பேரில் ஒரு நக்கல் இருக்கும். தம்பி உடனே பிடித்துவிடுவான். எனக்குப் பாதி பிடிபடும், மீதிக்கு அவன் முகத்தைப் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் பார்க்க ஒரு முகம் இருந்ததால்தான் எனக்குப் பயம் குறைந்திருந்தது. அந்தத் தைரியம் என்னுடையதல்ல என்பது, அவனுக்கு ஒரு மெயில் வந்த அன்று தெரிந்தது.

வெளிநாட்டில் ஓர் ஆராய்ச்சி இடம். முழு நேரம். அதற்கு முன் கொழும்புக்குப் போய் ஒரு நேர்முகம் முடிக்க வேண்டும், இடையில் ஓர் இரவு தங்க வேண்டும்.

"கிடைச்சாலும் போறது நிச்சயமில்ல" என்றான். "நீ வேணான்னா நான் இந்த வேலையவே பாத்துக்கிட்டு இருந்திருவேன்."

இருந்துவிடு என்று சொல்ல நாக்கு துடித்தது. "மொதல்ல போய்ட்டு வா" என்று மட்டும் சொன்னேன். அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போவதை அப்பா ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று காலை நன்றாகத்தான் போனது. ஐப்பசி மாதம். மத்தியானத்துக்குப் பிறகு மலை உச்சி கறுத்தது. எங்கள் பக்கம் அந்த மாதத்து இடி மலையிலேயே முட்டி முட்டித் திரும்பும். நான் பயந்தவளாயிற்றே, முதல் முழக்கத்துக்கே டீவி வயரைப் பிடுங்கினேன். தையல் மெஷின் மோட்டரைப் பிடுங்கினேன். போனை ஓஃப் பண்ணினேன். கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் துணியால் மூடினேன். பிறகு அப்பாவின் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தேன்.

"அரப்பேரு" என்றார்.

தண்ணீர் ராகம் இல்லை. ஆனாலும் தண்ணீர் கொடுத்தேன். தட்டிவிட்டார். நெஞ்சில் தெறித்தது. போர்வையை இழுத்துவிட்டேன். உதறினார். மூத்திரச் சட்டி கொண்டுவந்தேன். தலையை ஆட்டி மறுத்தார். "அரப்பேரு! அரப்பேரு!" குரல் ஏறிக்கொண்டே போனது. நெற்றியில் நரம்பு புடைத்தது. திரும்பவும் வந்துவிட்டதா? மூளைக்குள் இன்னொரு பாதையும் உடைகிறதா? போனைப் போட்டுத் தம்பியைக் கேட்கலாம் என்றால் இடி. மதினியைக் கூப்பிட்டேன், தகரத்தில் விழுந்த மழையில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவை ஏசினேன்.

"எத்தன தடவதான் கத்துவீங்க? என்னா வேணும்னு காட்டுங்களேன்! மனுசி என்னா செய்வா ஒத்தையில!"

அவர் சட்டென்று கத்துவதை நிறுத்தினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பெரட்டுக்குப் பிந்தி வந்த ஆளைப் பார்க்கிற பார்வை அது. சின்ன வயதில் அந்தப் பார்வையைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பிறகு இடது கையைத் தலைக்கு மேலே, பின்னால், முடிந்த மட்டும் நீட்டினார். உடம்பு முழுக்க அந்தக் கையோடு சேர்ந்து திரும்பியது. விழுந்துவிடுவார் என்று பிடிக்கப் போனவள், கை காட்டிய பக்கம் பார்த்தேன்.

வெள்ளைப் பெட்டி. மூன்று பச்சை விளக்குகள். அதிலிருந்து வயர் ஜன்னலுக்குப் போய், வெளியே சவுக்கு மரத்துக்குப் போய், இடிக்கு நேரே நிற்கிற அந்தக் கம்புக்குப் போனது.

"பொட்டியாப்பா?"

"அரப்பேரு" என்றார். அது ஆமாம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறானே. செட்டிங் போனால் வேலை போய்விடுமே. வெளியே வெட்டிய மின்னலில் அப்பாவின் முகம் வெள்ளையாகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கரண்ட் வயரைப் பிடுங்கினேன். அன்டனா வயரையும் பிடுங்கி, ஒரு குச்சியால் தள்ளி ஜன்னலுக்கு வெளியே போட்டேன். விளக்குகள் அணைந்தன. அப்பா தலையைத் தலையணையில் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. அத்தனை இடியிலும்.

நான் அவருடைய காலடியில் உட்கார்ந்து அழுதேன். மகன் என்ன வேலை செய்கிறான் என்றே இவருக்கு விளங்காது என்றுதான் லயம் முழுக்கப் பேசியது. நானும் நினைத்தேன். அந்த வயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றுவரை அவர் படுத்தபடியே பார்த்து வைத்திருக்கிறார்.

மறுநாள் தம்பி வந்து இறங்கியதும், வாசலிலேயே பயந்து பயந்து சொன்னேன்: பெட்டியில் கை வைத்துவிட்டேன் என்று. மரத்தில் இடி விழவில்லை. பக்கத்து மலையில் விழுந்தது என்று பிறகு சொன்னார்கள். பிடுங்காமல் விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அதையும் சொன்னேன்.

அவன் பையை இறக்கவே இல்லை. "அப்பாவா காட்டுனாரு?" என்று இரண்டு தடவை கேட்டான்.

"பின்ன நானா? நான் சட்டிய எடுத்துக்கிட்டு ஓடினேன். அவரு விடாம சொன்னாரு. நான் ஏசினேன். அவரு மொறச்சாரு."

"நீ ஏசினியா? அப்பாவ?"

"சட்டுன்னு வந்திருச்சுடா."

அவன் நேரே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, "என் பொட்டி மேல அவ்வளவு அக்கறயாப்பா?" என்றான். அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இவனுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமா என்கிற ராகத்தில் ஒரு அரப்பேர் போட்டார். மூன்று பேரும் சிரித்தோம்.

செட்டிங் திரும்பப் பிடிக்க ஒரு நாள்தான் போனது. அந்த நாளில், பாயில் கிடந்த வயரைச் சுருட்டிக்கொண்டே, இடம் கிடைத்துவிட்டது என்று தம்பி சொன்னான். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் வயரையே பார்த்தான்.

"நீ சொல்லுக்கா. போகவா, இருக்கவா?"

நான் தைத்துக்கொண்டிருந்த சட்டையின் காலரைத் திருப்பிப் போட்டு இஸ்திரி வைத்தேன். நேரம் எடுத்துத்தான் வைத்தேன். எனக்குப் பயம் போகவில்லை. அதை அவனுக்கு மறைக்கவுமில்லை.

"எனக்குப் பயந்தான். நீ இங்கேயே இருந்தாலும் பயந்தான், அது வேற விசயம். அவரு சொல்றது எனக்குப் பாதிதான் வெளங்கும். மிச்சத்துக்குச் சண்ட புடிச்சிக்கிறோம். நீ போ."

"நெசமாவா?"

"போடான்னா போ. மறுபடி கேட்டா இருன்னு சொல்லிருவேன்."

தை பிறந்து அவன் போனான். அதுவரைக்கும் அரைப்பேர் வேலையை விடவில்லை. கடைசி நாள்கூடக் காலையில் உட்கார்ந்து எதையோ திருத்தி அனுப்பிவிட்டுத்தான் பெட்டியைக் கழற்றினான். சுவரில் அந்த இடம் மட்டும் தூசி படியாமல் சதுரமாக வெளுத்திருந்தது. மதினி ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுத்தாள். "இனிமே முழுப்பேருதான?" என்று கேட்டு, அவன் தலையில் கை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தம்பி காலைத் தொட்டுக் கும்பிட்டபோது அப்பா இடது கையால் அவன் சட்டைப் பட்டன் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். தம்பியே மெதுவாக விரலை விரித்து எடுத்தான்.

சந்திவரை போய் நுவரெலியா பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் இஸ்தோப்பு அகலமாகத் தெரிந்தது. அப்பா விழித்திருந்தார்.

"அரப்பேரு?" கடைசி எழுத்து ஏறியது.

"ஏறிட்டான்ப்பா. ஜன்னல் பக்கம் சீட்டும் கிடைச்சிச்சு. இந்நேரம் வளைவெல்லாம் தாண்டியிருப்பான்."

பிறகு மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. தண்ணீர் இல்லை, வலி இல்லை, ஏச்சு இல்லை, சிரிப்பும் இல்லை. அதுவரை நான் கேட்காத ராகம். பழக்கத்தில் என் கண் இஸ்தோப்புப் பக்கம் போனது. அங்கே யாரும் இல்லை.

நாற்காலியை இழுத்து அவர் முகத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தேன்.

"இது எனக்கு வெளங்கலப்பா" என்றேன். "இன்னொருக்கா சொல்லுங்க."